பெரிய வளவுள்ள மலிவு வீடா, பஸ் நிற்கும் சந்தியா?

கேள்வி: எனக்கு 27 வயது, கணவருக்கு 30. கல்யாணம் முடித்து ஒன்றரை வருடம். வெள்ளவத்தையில் ஓர் அனெக்ஸில் இருக்கிறோம். வருமானத்தில் பாதி வாடகைக்கே போகிறது. கணவர் ஒரு மருந்துக் கம்பனியின் விற்பனைப் பிரதிநிதி. வாழைச்சேனையிலிருந்து அக்கரைப்பற்று வரையான பகுதியைத் தை மாதத்திலிருந்து அவருக்குக் கொடுத்திருக்கிறார்கள். நான் வீட்டிலிருந்தபடி வெளிநாட்டுக் கம்பனி ஒன்றுக்குக் கணக்கு வேலை செய்கிறேன், பெரும்பாலும் இரவில். எனக்குப் பதுளை, அவருக்கு வவுனியா. மட்டக்களப்பில் ஒருவரையும் தெரியாது. நகருக்குள் கேட்கும் வாடகை நாங்கள் நினைத்ததைவிட அதிகம். ஆயித்தியமலையில் பெரிய வளவோடு ஒரு வீடு மிக மலிவாகக் கிடைக்கிறது, அவருக்கு அது நன்றாகப் பிடித்துவிட்டது. வாழைச்சேனை, செங்கலடி, களுவாஞ்சிகுடி, கல்முனை என்றும் ஆளுக்கொரு ஊர் சொல்கிறார்கள். எங்களிடம் ஒரு மோட்டார் சைக்கிள்தான், எனக்கு ஓடத் தெரியாது. அடுத்த வருடம் குழந்தைக்கும் யோசிக்கிறோம். எந்த ஊர் சரிவரும்? பிறகு அங்கேயே ஒரு காணி வாங்கலாமா?
வாசகி, கொழும்பு 6

பதில்: தங்கச்சி, உங்கள் கணவர் எந்த ஊரில் குடியிருந்தாலும் காலையில் மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய்விடுவார். வாழைச்சேனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் நடுவில் எங்கே வீடு எடுத்தாலும் அவருக்கு ஒரு நாள் தூரம், ஒரு நாள் கிட்ட. பகல் முழுக்க அந்த ஊரில் இருக்கப்போவது நீங்கள். ஆகவே அவருடைய வண்டியை மறந்துவிட்டு உங்கள் காலை வைத்து ஊரைப் பாருங்கள். படலையைத் திறந்து நடந்தால் கடை, பஸ், மருந்துக்கடை, கிளினிக் எட்டுமா? எட்டாத வீட்டுக்கு எவ்வளவு குறைத்து வாடகை சொன்னாலும் அது மலிவில்லை.

ஆயித்தியமலை அழகான இடம். வயல், குளம், எருமைத் தயிர், விசாலமான வளவு எல்லாம் உண்டு. வெள்ளவத்தை அனெக்ஸில் மூச்சு முட்டி இருந்த மனிதருக்கு அதைக் கண்டதும் மனம் விழுந்ததில் ஆச்சரியமில்லை. ஆனால் அந்த வீட்டில் நீங்கள் தனியாக இருக்கும் ஒரு செவ்வாய்க்கிழமையை நினைத்துப் பாருங்கள். அவர் அக்கரைப்பற்றில். உங்களுக்குக் காய்ச்சல். நகரத்துக்குப் போகும் பஸ்ஸுக்குக் காத்திருக்கவேண்டும், இல்லாவிட்டால் ஓட்டோ பிடிக்கவேண்டும். மாதத்தில் நாலைந்து தடவை ஓட்டோவில் போய்வந்தாலே வாடகையில் மிச்சம் பிடித்தது கரைந்துவிடும். பிறகு உங்களுக்கென்று ஒரு ஸ்கூட்டி வாங்கும் பேச்சு வரும், அதற்கு லீசிங். இன்னொன்றும் இருக்கிறது: அதற்குக் கிட்டவுள்ள உன்னிச்சைப் பக்கமெல்லாம் யானை வருகிற இடம். இரவில் வேலை செய்கிற பெண்ணுக்கு அந்தப் பயம் தேவையா? மாரியில் வலையிறவுப் பக்கம் வீதிக்கு மேலால் வெள்ளம் பாய்ந்தால் நகரத்துக்குப் போகும் வழியும் சிக்கலாகும். வாவிக்கு மேற்கே உள்ள இந்தப் படுவான்கரையைக் குறை சொல்லவில்லை. 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு கொக்கட்டிச்சோலைப் பக்கம் எவ்வளவோ சுகம். வயலும் மாடும் உள்ளவர்களுக்கு அதுதான் ஊர். உங்களுக்கு இப்போது இல்லை.

நகருக்குள் வாடகை ஏன் இப்படி என்றும் கேட்டிருப்பீர்கள். புளியந்தீவு நாலு பக்கமும் தண்ணீர், கல்லடி ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. காணி நீளுவதற்கு இடமில்லை. ஆனால் அதைவிட இந்தப் பகுதிக்கே உரிய காரணம் ஒன்று உண்டு. வவுனியா மாப்பிள்ளைக்கு இது புதிதாக இருக்கும். மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோர ஊர்களில் தாய் தகப்பன் வீடு கட்டுவது பெரும்பாலும் மகளுக்குச் சீதனமாகக் கொடுக்கத்தான். கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். தமிழர், முஸ்லிம்கள் இரு தரப்பிலும் இந்த வழக்கம் இருக்கிறது. ஆகவே புதிதாகக் கல்யாணம் முடித்தவர்கள் வாடகை வீடு தேடி அலைவது இங்கே குறைவு. வாடகைக்கென்றே கட்டிய வீடுகளும் பல ஊர்களில் குறைவு. உங்களுக்குக் காட்டப்படும் நல்ல வீடு, மகளுக்குக் கட்டி, மகள் இன்னும் படித்துக்கொண்டிருப்பதால் சும்மா கிடக்கிற வீடாக இருக்கலாம். அல்லது மகள் கனடாவிலோ லண்டனிலோ இருப்பார். முதல் வகை என்றால் பேச்சோடு பேச்சாக "மகளுக்கு எப்ப கல்யாணம்?" என்று கேட்டுவிடுங்கள். சிரித்துக்கொண்டே கேட்கலாம், கோபிக்க மாட்டார்கள். "வாற ஆவணி" என்று பதில் வந்தால் அடுத்த வீட்டைப் பாருங்கள், வயிற்றில் பிள்ளையோடு வீடு மாறுவது லேசு இல்லை.

சரி, ஊர்களுக்கு வருவோம். கல்முனையில் பெரிய வைத்தியசாலைகள் இரண்டு உண்டு, கடைகளுக்குக் குறைவில்லை. ஆனால் அந்தக் கரையோரம் முழுக்க நெருக்கமான குடியிருப்பு. வெள்ளவத்தை நெரிசலிலிருந்து தப்பி வருகிறவர்கள் அதைத் தேடிப் போகவேண்டியதில்லை. ரயிலும் இல்லை, மட்டக்களப்போடு பாதை முடிகிறது. வாழைச்சேனைக்கு ரயிலும் ஆதார வைத்தியசாலையும் உண்டு என்றாலும் அது உங்கள் கணவரின் பகுதியில் வடக்கு மூலை. அக்கரைப்பற்றுக்குப் போகும் நாளில் அவர் வீடு திரும்ப நன்றாக இருட்டிவிடும்.

என்னைக் கேட்டால் முதலில் செங்கலடியில் தேடுங்கள். மட்டக்களப்பிலிருந்து வடக்கே 16 கிலோமீற்றர் அளவில் இருக்கிறது. பதுளை வீதி வந்து முடிகிற சந்தி அது. மகா ஓயா, பிபிலை வழியாகப் பதுளைக்குப் போகும் பஸ் அந்தச் சந்தியால்தான் திரும்பும். தாய் வீட்டுக்கு ஒரே பஸ், இடையில் எங்கும் இறங்கி ஏறத் தேவையில்லை. பிள்ளைப்பேறு நேரத்தில் அம்மா வந்து போகவும் இது எவ்வளவு உதவும் என்று நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. கொழும்பு ரயிலுக்குப் பக்கத்தில் ஏறாவூர் நிலையம். பிரதேச செயலகம், வைத்தியசாலை, மத்திய கல்லூரி எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். சாமான் வாங்க ஏறாவூர்க் கடைத்தெருவும் கிட்ட. வெள்ளிக்கிழமை மதியம் ஜும்ஆத் தொழுகைக்குக் கடை பூட்டும் நேரத்தில் மட்டும் போய் ஏமாறாதீர்கள்.

செங்கலடியைச் சொல்ல இன்னொரு காரணம், அடுத்த ஊரான வந்தாறுமூலையில் இருக்கும் கிழக்குப் பல்கலைக்கழகம். 1986இல் அது பல்கலைக்கழகமாகியது. அன்றிலிருந்து வெளியூர்ப் பிள்ளைகளும் விரிவுரையாளர்களும் வந்து தங்கிப் போவதால், அந்தச் சுற்றுவட்டாரத்தில் வீட்டை வாடகைக்குக் கொடுத்துப் பழகியவர்கள் இருக்கிறார்கள். மாதம் முடிய வாடகை, அதற்குப் பிறகு உங்கள் பாட்டில் நீங்கள் என்ற ஒழுங்கு தெரிந்தவர்கள். வெளியூர் ஆளைக் கண்டால் வேற்றுக்கிரகவாசியைப் பார்ப்பதுபோல் பார்க்கவும் மாட்டார்கள். மாணவர்களுக்கு அறை அறையாகக் கொடுக்கும் வீடுகளைத் தவிர்த்து, குடும்பத்துக்குத் தனி வாசலோடு கொடுக்கும் வீடாகக் கேளுங்கள்.

செங்கலடியில் சரிவராவிட்டால் களுவாஞ்சிகுடி. அது தெற்கே, கல்முனை வீதியில். மட்டக்களப்புக்கும் கல்முனைக்கும் இடையில் பஸ்கள் ஓடிக்கொண்டே இருக்கும் பாதை. ஆதார வைத்தியசாலை ஊருக்குள்ளேயே உண்டு, அந்த ஒரு விஷயத்தில் செங்கலடியைவிட நல்லது. மரக்கறி மலிவாகவும் புதிதாகவும் கிடைக்கும், பக்கத்தில் களுதாவளைத் தோட்டங்கள் இருக்கின்றனவே. அக்கரைப்பற்றுக்கும் அவருக்குக் கிட்ட. பதுளை தூரமாகும், அவ்வளவுதான். கணவர் தெற்குப் பக்கம்தான் கூடுதலாக ஓடவேண்டியிருக்கும் என்று கம்பனியில் சொன்னால் வரிசையை மாற்றிக் களுவாஞ்சிகுடியை முதலில் வைத்துக்கொள்ளுங்கள்.

வீடு பார்க்கக் கார்த்திகை, மார்கழியில் வாருங்கள். மழைக்குப் பயந்து பின்போட வேண்டாம், மழைதான் உங்களுக்குத் தரகர். வளவில் தண்ணீர் நிற்கிறதா, ஒழுங்கை சேறாகிறதா, மலசலகூடக் குழி நிரம்புகிறதா என்று கண்ணால் காணலாம். பக்கத்து வீட்டு அம்மாவிடம் 2011 தை வெள்ளத்தில் இந்த இடத்தில் தண்ணீர் எவ்வளவு ஏறியது என்று கேளுங்கள். வீட்டுக்காரர் சொல்லாததை அவர் சொல்லுவார், கூடவே நீங்கள் எந்த ஊர், ஆருடைய பிள்ளை, ஏன் இங்கே வந்தீர்கள் என்று விசாரித்தும் முடித்துவிடுவார். அந்த விசாரணைக்கு முகம் சுளிக்க வேண்டாம். ஒருவரையும் தெரியாத ஊரில் உங்களைத் தெரிந்த முதல் ஆள் அவராகத்தான் இருப்பார்.

கூரையையும் அண்ணாந்து பாருங்கள். பதுளைக் குளிரில் வளர்ந்த உடம்புக்கு இங்கே கச்சான் என்கிற வறண்ட வெக்கைக் காற்று வீசும் மாதங்கள் பெரிய சோதனை. சீற் போட்ட கூரைக்குக் கீழே பகலில் நித்திரை கொள்ள முடியாது, உங்களுக்கோ இரவு வேலை, பகலில்தான் நித்திரை. ஓட்டு வீடும் வளவில் ஒரு மாமரமும் கிடைத்தால் வாடகை கொஞ்சம் கூடினாலும் கொடுக்கலாம், ஏசி போட்டு மின்கட்டணம் கட்டுவதைவிடக் குறைவாகத்தான் வரும். இன்ரநெற்றுக்கு வீட்டுக்காரரின் வாய்ச்சொல் போதாது. அந்த ஒழுங்கையில் ஃபைபர் இணைப்பு கொடுக்கிறார்களா என்று எஸ்.எல்.ரி. அலுவலகத்திலேயே கேளுங்கள், இரவு எட்டு மணிபோல் வேலை செய்யப்போகும் அறைக்குள் நின்று, கதவைச் சாத்திவிட்டு, போனில் வேகத்தையும் பாருங்கள். முற்றத்தில் நின்று பார்ப்பதில் பிரயோசனமில்லை. தண்ணீருக்குக் குழாய் இணைப்பா, கிணறா என்று கேட்டு, கிணறு என்றால் ஒரு வாய் குடித்துப் பாருங்கள். கரையோரத்தில் அடுத்தடுத்த இரண்டு வளவில் ஒன்று நல்ல தண்ணீர், மற்றது சவர் என்பது சாதாரணம்.

மின்மானி தனியா என்பது முக்கியம். வீட்டுக்காரரின் வீட்டுக்கும் உங்களுக்கும் ஒரே மின்மானி என்றால் இரண்டு வீட்டு அலகும் சேர்ந்து மேல் படிக்குப் போய்விடும். அலகு கூடக்கூட ஓர் அலகின் விலையும் ஏறுகிறதால், பாதிக்குப் பாதி பிரித்தாலும் நட்டம் உங்களுக்குத்தான். பிறகு அதைப்பற்றிக் கதைத்தால் மனக்கசப்பு.

ஒப்பந்தத்தை வெள்ளைத் தாளில் எழுதி முத்திரையில் கையெழுத்து வைத்து முடிக்க வேண்டாம். இலங்கைச் சட்டப்படி ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்படவேண்டும்; 1840ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் சொல்வது அது. முற்பணம் எவ்வளவு, எப்போது திரும்பத் தருவார், வீடு தேவைப்பட்டால் எத்தனை மாதம் முன்னால் சொல்லவேண்டும் என்பதெல்லாம் அதில் வரட்டும். "நம்பிக்கைதானே மனே, எழுத்து எதுக்கு?" என்று வீட்டுக்காரர் உருக்கமாகச் சொன்னாலும் எழுதிவிடுங்கள். குடிவந்த கிழமையிலேயே கிராம சேவையாளரிடம் பதிந்துகொள்ளுங்கள். குழந்தை தங்கியதும் அந்தப் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொன்னால் கிளினிக் புத்தகம் திறந்து, வீடு தேடியும் வந்து பார்ப்பார். நகரத்தில் போதனா வைத்தியசாலை இருக்கிறது என்பதால் பிரசவத்தை நினைத்துக் கவலைப்படத் தேவையில்லை.

காணியா? ஒரு மாரியும் ஒரு கச்சானும் அந்த ஊரில் இருந்து பார்க்கும்வரை வாங்கவே வேண்டாம். கணவருக்குக் கம்பனி அடுத்த வருடம் வேறு பகுதி கொடுக்கலாம், விற்பனை வேலையில் அது நடக்கிறதுதான். அப்படியும் வாங்குகிறீர்கள் என்றால், விலை குறைத்துச் சொல்லப்படும் காணி உறுதிக் காணியா, பேர்மிட் காணியா என்று முதலில் கேளுங்கள். பேர்மிட் காணியை அரசாங்கம் குடியிருக்கவும் செய்கை பண்ணவும் கொடுத்தது. பிரதேச செயலாளரின் சம்மதமில்லாமல் கைமாற்ற முடியாது, உறுதி எழுதித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் அந்த எழுத்து நிற்காது. உறுதிக் காணி என்றால் காணிப் பதிவகத்தில் ஏட்டைப் பார்த்து, நில அளவையாளரைக் கொண்டு எல்லை பிடித்துக் காட்டச் சொன்ன பிறகுதான் முற்பணம் கொடுக்கவேண்டும்.