வாளியில் எவ்வளவு தண்ணி?

கேள்வி: ஒருநாள், டி20 கிரிக்கெட்டில் பந்துவீச்சாளரை எதை வைத்து எடைபோடுவது? எடுத்த விக்கெட்டையா, கொடுத்த ஓட்டத்தையா? ஒரே வரியில் பதில் தேவை.
– தோட்டத்து ரசிகன், சுங்கை சிப்புட்

பதில்: ஒரே வரி கேட்டு என்னிடம் வந்தீர்களே, உங்கள் துணிச்சலைப் பாராட்டுகிறேன்.

'எடைபோடுவது' என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கேயே நின்றுவிட்டேன். சுங்கை சிப்புட்காரர் இந்தச் சொல்லை இவ்வளவு லேசாக எழுதலாமா? ரப்பர்த் தோட்டத்துப் பால் ஸ்டோர் முன்னால் வாளியோடு வரிசையில் நின்றவர் உங்கள் வீட்டில் ஒருவருமில்லையா?

என் அம்மா நின்றாள். விடியுமுன் பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு), பிறகு ரப்பர் மரப்பட்டையைக் கீறும் மரம் வெட்டு, வெயில் ஏறியதும் பால் எடுப்பு. (மரத்தை 'வெட்டு' என்று எழுதாதே, 'சீவு' என்று எழுது என ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் எனக்கு ஆண்டுக்கணக்கில் கடிதம் போட்டு வருகிறார். ஐயா, பென்சிலைச் சீவலாம். என் அம்மா வெட்டினாள்.) தோளில் காண்டாக் கம்பு, இரண்டு பக்கமும் வாளி. ஸ்டோருக்கு வந்தால் கணக்கு எழுதும் கிராணி முதலில் பாலை அளப்பார். அதோடு விட்டாரா? ஒரு கண்ணாடி மிதவையைப் பாலுக்குள் விடுவார். அது எவ்வளவு ஆழம் முங்குகிறது என்பதில்தான் எங்கள் வீட்டு மீன் குழம்பே இருந்தது. பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர், மீதி தண்ணி. மழை பெய்து, மரத்தில் பால் வடியும் மங்கில் தண்ணி விழுந்த நாளில் வாளி நிறையும், சம்பளம் நிறையாது. கிராணி மிதவையைப் பார்ப்பதற்கு முன் அம்மா முகத்தைப் பார்ப்பார். "என்னம்மா, இன்னிக்கு நிரை ஆத்துக்குள்ளயா?" (நிரை என்றால் ஒருவருக்கு ஒதுக்கிய மர வரிசை.)

அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் மிதவை விஷயத்தில் அவர் பக்கம் நியாயம் இருந்தது.

ஸ்கோர் அட்டை வெறும் வாளி, ரசிகரே. மிதவையை நீங்கள்தான் கொண்டுவர வேண்டும்.

2006 மார்ச்சில் ஜோகன்னஸ்பர்க். ஆஸ்திரேலியா 434 எடுத்தது, தென்னாப்பிரிக்கா ஒரு பந்து மீதமிருக்க 438 எடுத்து வென்றது. ஆஸ்திரேலியாவின் மிக் லூயிஸ் பத்து ஓவரில் 113 கொடுத்தார், விக்கெட் இல்லை. அவருக்கு அதுவே கடைசி ஒருநாள் ஆட்டம். அதே அணியில் நேதன் பிராக்கனும் பத்து ஓவர் வீசினார்: 67 ஓட்டம், 5 விக்கெட். ஓவருக்கு 6.7 என்று தனியாகப் பார்த்தால் ஊதாரிக் கணக்கு. ஆனால் அன்று இரண்டு அணியும் சேர்ந்து அடித்தது 872, ஓவருக்கு ஏறக்குறைய எட்டே முக்கால். அந்தக் கணக்கில் பத்து ஓவருக்கு 87 போயிருக்க வேண்டும். மனுஷன் இருபதை மிச்சம் பிடித்து ஐந்து பேரையும் அனுப்பியிருக்கிறார். லூயிஸோ 87க்கு மேல் இன்னும் 26. மழை என்று காரணம் சொல்லலாம். என் அம்மாவும் சொல்வாள். பக்கத்து நிரை அக்காவின் பால் கெட்டியாக இருந்துவிட்டால் என்ன சொல்வது?

விக்கெட்டை மட்டும் எண்ணும் கட்சிக்கு நம் நாட்டு உதாரணமே உண்டு. 2023 ஜூலையில், கிள்ளான் பக்கம் பண்டமாரானில் உள்ள பாயுமாஸ் ஓவல் மைதானத்தில், மலேசியாவின் சியாஸ்ருல் இட்ருஸ் சீனாவுக்கு எதிராக நான்கு ஓவரில் 8 ஓட்டம் கொடுத்து 7 விக்கெட் எடுத்தார். ஆடவர் அனைத்துலக டி20யில் ஒரே ஆட்டத்தில் ஏழு எடுத்த முதல் ஆள். நம் ஊர்க் கடையில் இதைச் சொன்னேன். "சீனாதானே?" என்றார்கள். சரி, எதிரணி 23க்குச் சுருண்டது, தண்ணிப் பால்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஏழும் ஸ்டம்பைப் பெயர்த்தவை. கேட்ச் பிடித்தவன் பங்கு கேட்க முடியாது, நடுவர் தயவும் தேவையில்லை. வேடிக்கை என்னவென்றால், சீனா அந்த 23ஐ எடுத்தது பதினோரு ஓவர் சொச்சத்தில். ஓவருக்கு இரண்டு. சியாஸ்ருல் கொடுத்ததும் ஓவருக்கு இரண்டு. சிக்கனம் மட்டும் பார்க்கிறவருக்கு அன்று அவர் பத்தோடு பதினொன்று!

நேரம் என்று ஒன்றும் இருக்கிறது. 2024 டி20 உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் தென்னாப்பிரிக்காவுக்கு 30 பந்தில் 30 தேவை. இந்தியாவின் பும்ரா 16ஆவது ஓவரில் நான்கு கொடுத்தார். 18ஆவதில் இரண்டு, ஒரு விக்கெட்டும். அட்டையில் 4 ஓவர், 18 ஓட்டம், 2 விக்கெட் என்று படுத்துக் கிடக்கிறது. தோற்றுப்போன அணியை இன்னும் நசுக்கும்போது இதே 18க்கு 2 எடுத்தாலும் அட்டையில் இதே எழுத்துதான்.

இன்னொரு அநியாயம். வைடும் நோபாலும் வீசியவன் கணக்கில் ஏறும். மட்டையில் படாமல் ஓடி எடுக்கும் பை, லெக் பை ஏறாது. நல்லது. ஆனால் கைவிட்ட கேட்சுக்கு அட்டையில் கட்டமே கிடையாது. தப்பிப் பிழைத்தவன் அப்புறம் அடிக்கும் சிக்ஸர் எல்லாம் வீசியவன் தலையில் விடியும். அம்மாவின் மங்கை ஆடு தட்டிவிட்ட நாளில் கிராணி ஆட்டின் பெயரில் எழுதினாரா என்ன?

1998இல் கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டிக்கு கிரிக்கெட்டும் வந்தது. சுங்கை பூலோவில் ரப்பர் ஆய்வுக் கழகத்தின் மைதானத்திலும் ஆடினார்கள். ரப்பருக்கென்றே இருந்த இடம், கேட்டிருந்தால் ஒரு மிதவை கொடுத்திருக்க மாட்டார்களா? ஒருவருக்கும் தோன்றவில்லை.

தமிழாசிரியர் ஐயாவுக்கு: இந்தப் பதிலில் எத்தனை 'வெட்டு' என்று எண்ணிவிட்டு எழுதுங்கள். போன முறை ஒன்று விட்டுப்போயிற்று.