டேல் எர்ன்ஹார்ட்: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: அமெரிக்காவின் நாஸ்கார் கார் பந்தயத்தில் ஏழு முறை சாம்பியன். அவருக்கு அதன் மிகப் பெரிய பந்தயமான டேடோனா 500 மட்டும் ஏன் அவ்வளவு காலம் சிக்கவில்லை?

வேகத்தில் குறையே கிடையாது. 1986-இல் மூன்று சுற்று மீதமிருக்கும்போது பெட்ரோல் தீர்ந்தது. 1990-இல் கடைசிச் சுற்றின் மூன்றாவது வளைவு வரை அவர்தான் முதலில். அங்கே டயர் கிழிந்தது, டெரிக் கோப் ஜெயித்தார். அந்த டயரை அவருடைய அணி உரிமையாளர் ரிச்சர்ட் சில்ட்ரெஸின் குழு பட்டறைச் சுவரில் மாட்டி வைத்தது. 1993-இல் கடைசிச் சுற்றில் டேல் ஜாரெட் முந்திவிட்டார். 1998-இல், இருபதாவது முயற்சியில்தான் ஜெயித்தார். ஒரு சிறுமி கொடுத்த ஒரு சென்ட் காசை அன்று டேஷ்போர்டில் ஒட்டியிருந்தார். பந்தயம் முடிந்ததும் எதிரணி மெக்கானிக்குகள் உட்பட அத்தனை பேரும் கார்களைப் பழுதுபார்க்கும் பிட் பாதையில் வரிசையாக நின்று கை கொடுத்தார்கள். டிராக்கில் எல்லார் காரையும் இடித்துத் தள்ளிய மனிதருக்கு!

கேள்வி: 1987-இல் ஷார்லட்டில் டிராக் ஓரப் புல்வெளியில் இறங்கி பில் எலியட்டை முந்தினாரே, எப்படி?

முந்தவில்லை. அப்போது முன்னால் போனவரே அவர்தான். எலியட் பின்னால் இடித்ததில் புல்லுக்குப் போனார். கார் சுழலாமல் பிடித்து, முதலிடம் விடாமல் டிராக்குக்குத் திரும்பினார். அரை நிமிட வீடியோவைப் பார்த்து வரலாறு எழுதாதீர்கள்.

கேள்வி: பிறகு ஏன் எல்லாரும் ‘பாஸ் இன் த கிராஸ்’ (புல்லில் முந்தல்) என்கிறார்கள்?

ஓசை பொருந்துகிறது, அதனால்தான்.

கேள்வி: அப்படியானால் எலியட்தானே குற்றவாளி?

அதுவும் பாதிக் கதை. டிராக்குக்கு வந்தபின் எர்ன்ஹார்ட் அவரைச் சுவர்ப் பக்கம் ஒதுக்கினார், எலியட்டின் டயர் போனது. பந்தயம் முடிந்த பிறகும் எலியட் அவர் காரை இடித்துக் கோபத்தைத் தீர்த்தார். என்னைக் கேட்டால் இருவருமே தப்பு. ஆனால் அந்தப் புல்வெளியில் காரைப் பிடித்த கை எலியட்டுக்கு இல்லை. எலியட் ரசிகர்கள் மன்னிக்கவும்.

கேள்வி: ரிச்சர்ட் பெட்டி, எர்ன்ஹார்ட், ஜிம்மி ஜான்சன், யார் பெரியவர்?

மூன்றாவது தடவையாக இதே கேள்வி. மூவருக்கும் ஏழு பட்டம். பெட்டி 1967-இல் மட்டும் 27 பந்தயம் ஜெயித்தார், அன்று ஒரு பருவத்தில் ஏறக்குறைய ஐம்பது பந்தயம் உண்டு. ஜான்சன் காலத்தில் புள்ளி முறையே வேறு. ஒரே தராசில் எப்படி வைப்பது?

கேள்வி: ஃபார்முலா ஒன்னுக்கு வந்திருந்தால்?

அது என் துறை இல்லை.

கேள்வி: கடைசி வெற்றி?

2000 அக்டோபர், டல்லடேகா பந்தயத் தடம். ஐந்து சுற்று மிச்சம், பதினெட்டாம் இடம். அங்கே அன்று ரெஸ்ட்ரிக்டர் பிளேட் (எஞ்சினுக்குப் போகும் காற்றைக் குறைக்கும் தகடு) எஞ்சினின் மூச்சை அடைத்ததால் தனியாக யாரும் பறக்க முடியாது, பின்னால் ஒருவர் தள்ள வேண்டியிருந்தது. கென்னி வாலஸ் தள்ளினார். எழுபத்தாறாவது வெற்றி. நான்கு மாதம் கழித்து, 2001 பிப்ரவரி 18, டேடோனாவின் கடைசிச் சுற்றில் சுவரில் மோதி இறந்தார். மண்டையோட்டின் அடிப்பகுதி முறிவு. தலை, கழுத்தைப் பிடித்துக்கொள்ளும் கருவியை அந்த ஆண்டே கட்டாயமாக்கினார்கள்.

கேள்வி: புல்வெளியில் அவர் முந்தியது யாரை?

மேலே படியுங்கள்.