வாடகை வீட்டுக்கு ஃபேன், ஃபிரிட்ஜ்: முதலில் மீட்டரைப் பாருங்கள் (கேள்வி பதில்)

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் குறைந்த வாடகைக்குக் குடியிருப்பவர்களின் கேள்விகள் இவை. பதில் சொல்பவர் வீட்டு வயரிங்கும் சாதனப் பழுதும் பார்ப்பவர். அவர் வைத்த நிபந்தனை ஒன்றுதான்: உங்களுக்குத் தனி மீட்டரா, சப் மீட்டரா (ஓனரின் இணைப்பிலிருந்து பிரித்து உங்கள் வீட்டுக்கு வைத்தது) என்று எழுதிவிட்டுக் கேளுங்கள்.

ஓசூர், மூக்கண்டப்பள்ளி: லைன் வீடு அண்ணா, சப் மீட்டர், யூனிட்டுக்கு 9 ரூபா. பிஎல்டிசி ஃபேன் 2,800 சொல்றாங்க. வாங்கலாமா?

வாங்குங்கள். பிஎல்டிசி என்பது உள்ளே எலக்ட்ரானிக் போர்டு வைத்து, குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார். பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும், இது முழு வேகத்தில் 30 வாட்டை ஒட்டி. தினம் 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 54 யூனிட் ஆன இடத்தில் 22 ஆகும். மிச்சம் 32 யூனிட், உங்கள் விலையில் 288 ரூபாய். போட்ட காசு 20 மாதத்தில் திரும்பும். ஷிப்டு மாற்றி ஆட்கள் தூங்கும் அறையில் ஃபேன் 18 மணி நேரம் சுற்றும். அங்கே 13 மாதம் போதும்.

மாட்டும்போதுதான் கெடுக்கிறார்கள். மெயினை அணைத்துவிட்டு, சுவரில் உள்ள ரெகுலேட்டரைக் கழற்றி, சுவிட்சிலிருந்து வரும் வயரை நேராக ஃபேனுக்குக் கொடுக்க வேண்டும். வேகம் கூட்டுவது குறைப்பது எல்லாம் ரிமோட்டில். ரெகுலேட்டர் வழியே கொடுத்தால் ஃபேன் முனகும், விட்டு விட்டு ஓடும், ஒருநாள் உள்ளே இருக்கும் போர்டு போய்விடும். வாரண்டியில் கேட்டாலும் தட்டிக் கழிப்பார்கள்.

ஓனருடைய ஃபேனை ராடு, கப், றெக்கையோடு கட்டிப் பரணில் போடுங்கள். ரெகுலேட்டரையும் அதே மூட்டையில் வையுங்கள். காலி பண்ணும்போது மாட்டிக் கொடுத்துவிட்டு உங்களுடையதை எடுத்துப் போகலாம். பில் உங்கள் பெயரில் இருக்கட்டும்.

பாலக்கோடு: தனி மீட்டர். ரெண்டு மாசத்துக்கு 90 யூனிட் ஆகுது. எனக்கு எவ்வளவு மிச்சமாகும்?

ஒரு ரூபாயும் ஆகாது. முதல் 100 யூனிட் இலவசம். இலவசத்தில் எதை மிச்சம் பிடிப்பீர்கள்? இருக்கிற ஃபேன் கெடும்வரை ஓட்டுங்கள்.

தருமபுரி: மகளிர் குழுவில் கடன் எடுத்து ஃபிரிட்ஜ் வாங்கலாமா? கடைக்காரர் வாரத் தவணையும் சொல்றார்.

1989-இல் தமிழ்நாட்டின் மகளிர் குழுத் திட்டம் தொடங்கிய மாவட்டத்தில் இருந்துகொண்டு வாரத் தவணைக்கு ஏன் போகிறீர்கள்? 6,000 ரூபாய், 10 மாதம், நூற்றுக்கு 2 ரூபாய் வட்டி என்று வைப்போம். குழுவில் அசல் குறையக் குறைய வட்டியும் குறையும். மொத்தம் 660 ரூபாய். கடைசிவரை முழு அசலுக்கும் வட்டி போட்டால் 1,200. "அதே ரெண்டு ரூபா வட்டிதான்" என்பார்கள். வட்டி போடும் விதத்தைக் கேளுங்கள்.

செகண்ட்ஹேண்ட் ஃபிரிட்ஜ் என்றால் கதவிடுக்கில் ஒரு பத்து ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் தளர்ந்திருக்கிறது, கம்ப்ரசர் ஓயாமல் ஓடும். ஸ்டார் எண்ணிக்கையை மட்டும் நம்பாதீர்கள். லேபிளில் வருடத்துக்கு எத்தனை யூனிட் என்றும், அது எந்த ஆண்டு லேபிள் என்றும் பாருங்கள். அளவுகோலை அவ்வப்போது இறுக்குகிறார்கள். பழைய 5 ஸ்டார் இன்றைய 5 ஸ்டார் ஆகாது.

தேன்கனிக்கோட்டை: வாட்டர் ஹீட்டர் ராடுல வெள்ளையா படியுது, பிளக்கும் கருகுது.

இரண்டும் வேறு வேறு கோளாறு. படிவது போர் தண்ணீரின் உப்பு. வினிகரிலோ எலுமிச்சைச் சாறு கலந்த நீரிலோ ஊற வைத்துத் தேய்த்தால் போகும். 1,500 வாட் ராடு 6.5 ஆம்பியர் இழுக்கும், அதை 5 ஆம்பியர் சாக்கெட்டில் செருகினால் கருகத்தான் செய்யும். 15 ஆம்பியர் சாக்கெட் வேண்டும். ராடு ஓடும்போது தண்ணீரில் கை வைக்காதீர்கள். ஒரு வார்த்தை: நம் பக்கத்துப் போர் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் அதில் உள்ள ஃபுளோரைடு (பல்லையும் எலும்பையும் கெடுக்கும் உப்பு) போகாது. குடிக்க ஒகேனக்கல் தண்ணீரையே பிடியுங்கள்.

காவேரிப்பட்டணம்: பிஎல்டிசி ஃபேனுக்கு ரெகுலேட்டர் இருக்கலாமா?

மேலே எழுதியிருக்கிறேன். கூடாது.

கிருஷ்ணகிரி (வீட்டு ஓனர்): சப் மீட்டரில் யூனிட்டுக்கு 9 ரூபாய் வாங்குவதைக் குற்றம் மாதிரி பார்க்கிறார்கள். 500 யூனிட் தாண்டினால் எனக்கு என்ன விலை வருகிறது தெரியுமா?

தெரியும் ஐயா, கணக்கே போடுவோம். 2022 செப்டம்பர் கட்டணப்படி, ஒரே இணைப்பில் இரண்டு மாதத்துக்கு 600 யூனிட் என்றால்: முதல் 100 இலவசம், அடுத்த 300-க்கு 1,350, அடுத்த 100-க்கு 600, கடைசி 100-க்கு 800. ஆக 2,750 ரூபாய், சராசரி 4.58. யூனிட் 1,000 போனாலும் சராசரி 6.55-தான். பிறகு விலை கொஞ்சம் ஏறியிருக்கிறது, ஆனாலும் 9 வராது.

இதே 600 யூனிட் நான்கு தனி மீட்டரில் 150, 150-ஆகப் பிரிந்தால், 500-க்குள் நிற்பதால் 100-க்கு மேல் உள்ள 50 யூனிட்டுக்கு அதே கட்டணத்தில் 2.25-தான். ஆளுக்கு 112.50, மொத்தம் 450 ரூபாய்.

அதே ஓனர்: மோட்டார், மாடிப்படி லைட் யார் கட்டுவது?

நியாயம். மோட்டாருக்கு ஒரு சப் மீட்டர் போட்டு, அந்த யூனிட்டை வீடுகளுக்குப் பங்கு போடுங்கள். மின்வாரிய பில்லை அப்படியே ஒட்டி வைத்தால் சண்டையே வராது.

ஓசூர்: எங்க சப் மீட்டரே வேகமா ஓடுது!

ஓனர்மேல் பாயுமுன் சோதியுங்கள். வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மீட்டரின் சிவப்பு விளக்கைப் பாருங்கள். சிமிட்டிக்கொண்டே இருந்தால் வேறொரு லைன் உங்கள் மீட்டரில் தொங்குகிறது, அல்லது எங்கோ கசிகிறது. சிமிட்டாவிட்டால் 100 வாட் குண்டு பல்பு ஒன்றை மட்டும் போடுங்கள். மீட்டரில் 3,200 என்று (ஒரு யூனிட்டுக்கு அத்தனை சிமிட்டல்) அச்சிட்டிருந்தால் மூன்று நிமிடத்தில் 16 முறை சிமிட்ட வேண்டும். மின்னழுத்தத்தால் ஒன்றிரண்டு கூடலாம், குறையலாம். 25 வந்தால் மீட்டரை மாற்றச் சொல்லுங்கள்.

அரூர்: ரெகுலேட்டரை 5-ல வச்சு டேப் ஒட்டிட்டா?

கழற்றுங்கள் தம்பி.