அப்டேட்டுக்குப் பிறகு நெட்டேட்டா எச்சரிக்கை வரம்பு மாறிவிடுகிறது: பதில்

வணக்கம் நண்பரே. மேலமாசி வீதிக் கடையின் பில்லிங் சர்வரில் டிஸ்க் நிரம்புவதற்கான எச்சரிக்கையை 70 சதவீதத்துக்கு இறக்கினீர்கள், சர்வரைக் கண்காணிக்கும் நெட்டேட்டா மென்பொருள் அப்டேட் ஆனதும் அது காணாமல் போனது என்கிறீர்கள். நீங்கள் திருத்தியது யூஎஸ்ஆர்-லிப் (/usr/lib) பக்கம் இருக்கும், நெட்டேட்டாவோடு வரும் மூலக் கோப்பு. அப்டேட் வரும்போது அதன்மேல் புதியது வந்து விழத்தான் செய்யும்.

ஈடிசிக்குள் (/etc) இருக்கும் நெட்டேட்டா அடைவுக்குப் போய், எடிட்-கான்ஃபிக் (edit-config) ஸ்கிரிப்டை சூடோ (sudo, நிர்வாகி உரிமை) போட்டு ஓட்டுங்கள், கூடவே ஹெல்த்.டி அடைவின் டிஸ்க்ஸ்.கான்ஃப் (health.d/disks.conf) பெயரைக் கொடுங்கள். அது ஒரு நகலை ஈடிசிக்குள் வைத்துத் திறக்கும். அதில் மட்டும் கை வையுங்கள்.

டிஸ்க் இடத்துக்கான வார்ன் (warn) வரியில் 80, 90 என்று இரண்டு எண்கள் இருக்கும். 90-ஐத் தாண்டினால் எச்சரிக்கை கிளம்பும், 80-க்கு இறங்கினால்தான் அடங்கும். 90-ஐ மட்டும் 70 ஆக்கிவிட்டால், டிஸ்க் 75-இல் நிற்கும்போது 70-ஐத் தாண்டியதால் எச்சரிக்கை கிளம்பும், 80-க்குக் கீழே இருப்பதால் உடனே அடங்கும், இப்படியே வந்து வந்து போகும். ராத்திரி தூக்கம் போய்விடும். 60, 70 என்று இரண்டையும் சேர்த்தே இறக்குங்கள். அப்புறம் நெட்டேட்டாசிஎல்ஐ ரீலோட்-ஹெல்த் (netdatacli reload-health) கட்டளை போதும், ரீஸ்டார்ட் வேண்டாம்.

சரி, இன்னொன்று. நகல் இருந்தால் அதே பெயருள்ள மூலக் கோப்பை நெட்டேட்டா படிக்காது, அதனால் அப்டேட்டில் அதில் வரும் மாற்றங்கள் உங்களுக்குக் கிடைக்காது. திருமங்கலத்தில் நான் பார்க்கும் சர்வர்களில், பெரிய அப்டேட் முடிந்ததும் இரண்டையும் டிஃப் (diff) போட்டு, என்ன வித்தியாசம் என்று பார்த்துவிடுவேன். அதனால்தான் சொல்கிறேன், தேவையில்லாத கோப்புகளை நகலெடுக்காதீர்கள்.