கிணத்துக்க பக்டீரியா விட்டு யுரேனியத்தை எடுக்கேலுமா?

வெள்ளவத்தையில இருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறா: "யாழ்ப்பாணத்தில எங்கட வீட்டுக் கிணத்தில யுரேனியம் இருந்தா, வீடியோவில காட்டின மாதிரி பக்டீரியாவ விட்டுச் சுத்தமாக்கேலுமா?"

அக்கா, பக்டீரியா யுரேனியத்தைத் தின்னுறதில்லை, அழிக்கிறதுமில்லை. தண்ணியில கரைஞ்சு ஓடுறது ஆறாம் நிலை யுரேனியம், அதாவது ஆறு எலக்ட்ரோன் இழந்தது, ஜியோபக்டர் மாதிரி நுண்ணுயிர் அதுக்கு எலக்ட்ரோன் குடுத்து நாலாம் நிலைக்கு மாத்த, கரையாமல் மண்ணோட படிஞ்சிடும், அவ்வளவுதான். அமெரிக்காவில ரைஃபிள் எண்ட ஊரில 2002இல நிலத்துக்குள்ள அசிடேட் விட்டு, வினாகிரியில இருக்கிற சாமான்தான், ஜியோபக்டரைப் பெருக்கினவை, தண்ணியில யுரேனியத்தின்ர அளவு நல்லா இறங்கினது, பிறகு சல்பேட்டைப் பிடிக்கிற பக்டீரியா பெருகினதும் திரும்ப ஏறத் தொடங்கிட்டுது. அதால பக்டீரியாவைக் காட்டிலும் தண்ணியில என்ன கரைஞ்சிருக்கு எண்டதுதான் முக்கியம்.

அடுத்தமுறை ஊருக்குப் போனா கேத்தலுக்குள்ள பாருங்கோ, அடியில வெள்ளையாப் படையா ஒட்டியிருக்கும், கொழும்புப் பைப் தண்ணியில அப்பிடிப் பெரிசாப் படியாது. அங்க நிலம் சுண்ணாம்புக்கல், அந்தக் கல்சியமும் பைகார்பனேட்டும்தான் கொதிக்கேக்க படியுது. இதே ரெண்டும் யுரேனியத்தோட சேந்து ஒரு கூட்டாகிட்டா பக்டீரியாவால லேசில மாத்தேலாது, மண்ணிலயும் வடிவா ஒட்டாது, தண்ணியோடயே போகும்.

மற்றது நைட்ரேட். தோட்டத்துக்குப் போடுற பசளையும் மலசலகூடக் குழியும் கிணத்துக்கு அனுப்புறது அதைத்தான். நைட்ரேட் இருக்குமட்டும் பக்டீரியா அதைத்தான் முதல் எடுக்கும், அதுமட்டுமில்லை, படிஞ்ச யுரேனியத்தையும் அது திரும்பக் கரைய வைக்கும். அமெரிக்காவின்ர டென்னசியில ஓக் ரிட்ஜ் எண்ட இடத்தில நைட்ரேட் கூடின அமிலத் தண்ணி, முதல் அதைக் கழுவி எடுத்துப்போட்டுத்தான் பக்டீரியாவுக்குச் சாப்பாடா எத்தனோல் விட்டவை.

கிணறெண்டா வாளி போய் வரக் காத்துப் படும், ஒக்சிசன் பட்டா படிஞ்சது திரும்பக் கரையும். தயவுசெய்து சீனி, வினாகிரி ஒண்டும் ஊத்திப் பாக்காதேங்கோ, தண்ணி நாறி, மண்ணில இருக்கிற இரும்பும் ஆர்சனிக்கும் கரைஞ்சு வரலாம், இது எனக்கு உண்மையா பயம்.

முதல் தண்ணியை ஆய்வுகூடத்தில குடுங்கோ, யுரேனியத்தோட நைட்ரேட், கல்சியம், காரத்தன்மை, பிஎச் எல்லாம் சேத்துக் கேளுங்கோ. உலக சுகாதார நிறுவனத்தின்ர அளவு லீற்றருக்கு 30 மைக்ரோகிராம். அதைத் தாண்டினா குடிக்கிற, சமைக்கிற தண்ணிக்கு ஆர்ஓ பில்டர் போடுங்கோ. கொதிக்க வைக்கிறதால யுரேனியம் போகாது, தண்ணி வத்த வத்த அது இன்னும் செறிவாகும்.