எமன் சிரஞ்சீவி: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சீன எழுத்தாளர் லியு சிசினின் மூன்று பாக நாவலைப் பற்றி நீங்கள் முன்பு எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, அதன் கடைசிப் பாகமான 'டெத்ஸ் எண்ட்' நூலை எங்கள் ஊர் வாசிப்புக் குழுவில் எடுத்துக்கொண்டோம். ஏழு பேர் தொடங்கினோம், நான்கு பேர்தான் முடித்தோம். மனிதர்களையெல்லாம் ஆஸ்திரேலியாவுக்குள் கொண்டுபோய் அடைக்கும் பகுதியோடு ஒரு நண்பர் புத்தகத்தை மூடிவிட்டார். இதற்கு மேல் படித்தால் இரவில் வீட்டுப் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை என்றார். இன்னொருவருக்கு நாயகி செங் சின்மீது அப்படியொரு கோபம். உலகத்தை ஒருமுறை அல்ல, இரண்டு முறை அழித்தவள் என்று கூட்டத்திலேயே சத்தம் போட்டார். அறிவியல் மாணவர் ஒருவருக்கு மட்டும் நாவல் மிகவும் பிடித்துவிட்டது. ஆனால் அவரும் ஏன் பிடித்தது என்று சொல்லத் தெரியாமல் திணறினார்.

என் கேள்விகள் இரண்டு. செங் சின் ஒவ்வொரு முறையும் இரக்கத்தின் பக்கம் நிற்கிறாள், ஒவ்வொரு முறையும் அதற்குப் பேரழிவே விலையாகிறது. அப்படியானால் இந்த நாவலாசிரியர் இரக்கம் என்பதே முட்டாள்தனம் என்கிறாரா? இரண்டாவது, கோடிக்கணக்கான ஆண்டுகள் கடந்துபோகும் ஒரு கதையில் நம்பிக்கைக்கென்று ஒரு மூலைகூட வைக்காமல் இவ்வளவு இருட்டை எழுதுவதற்கு என்ன தேவை?

அன்புடன்,
ச.

அன்புள்ள ச.,

உங்கள் குழுவில் பாதிப் பேர் பாதியில் நிறுத்தியதில் எனக்கு வியப்பில்லை. நானும் முதல் வாசிப்பில் ஆஸ்திரேலியப் பகுதியில் பத்து நாட்கள் நிறுத்திவைத்திருந்தேன். நூலின் பெயரிலிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் படித்த ஆங்கில மொழிபெயர்ப்பு கென் லியு செய்தது, 2016-இல் வந்தது. அதன் தலைப்பைக் கேட்டால் மரணத்துக்கே முடிவு வந்துவிட்டது போலத் தோன்றும். ஆனால் 2010-இல் வெளிவந்த சீன மூலத்தின் தலைப்பு கிட்டத்தட்ட இதற்கு நேர் எதிரானது. நம் வழக்கில் சொல்வதென்றால், 'எமன் சிரஞ்சீவி'. ஆறுதலை எதிர்பார்த்து வருகிறவரைச் சீனப் பதிப்பு வாசற்படியிலேயே எச்சரித்துவிடுகிறது. ஆங்கிலத்தில் படித்தவர்களுக்கு அந்த எச்சரிக்கை கிடைக்கவில்லை.

செங் சின்மீதான கோபம் உங்கள் நண்பருக்கு மட்டும் உரியதல்ல. சீன வாசகர்களிடையே அவளைப் போல வசைக்கு ஆளான கதாபாத்திரம் அண்மைக் காலத்தில் அதிகம் இல்லை. இடம் பொருள் பாராமல் கருணை காட்டி ஊரைக் கெடுப்பவர்களைக் கிண்டல் செய்ய அங்கே 'புனித அன்னை' என்று பொருள்படும் ஒரு சொல் உண்டு. அந்தப் பட்டத்தை இவளுக்கே நிரந்தரமாகச் சூட்டிவிட்டார்கள். இதில் விந்தை என்னவென்றால், அந்தப் படிமத்தை நாவலே எடுத்துக் கொடுக்கிறது. ஐக்கிய நாடுகள் சபைக் கட்டடத்தின் முன்னால் கூடிய கூட்டத்தில் ஓர் இளம் தாய் தன் குழந்தையைச் செங் சின்னின் கையில் கொடுக்க, கூட்டம் அவளைப் பார்த்து மரியன்னை என்று உருகுகிறது. சிலர் அவளுக்கு முன்னால் மண்டியிடுகிறார்கள். எனக்கு அந்த இடத்தில் கோபம் வந்தது, ஆனால் அவள்மீது அல்ல.

கதையின் அந்தக் கட்டத்தைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். பிரபஞ்சம் ஓர் இருண்ட வனம், அதில் ஒவ்வொரு நாகரிகமும் மூச்சு விடும் சத்தம்கூட வெளியே கேட்காமல் ஒளிந்திருக்கும் வேடன், இருப்பிடம் தெரிந்துவிட்டால் யாரோ ஒருவன் சுடுவான் என்பது தொடரின் அடிப்படை. பூமியைப் பிடிக்க வரும் ட்ரைசோலாரிஸ் உலகத்தவரை, உங்கள் இருப்பிடத்தை ஈர்ப்பலை வழியாக ஊருக்கே அறிவித்துவிடுவேன், அதில் நானும் சாவேன், நீங்களும் சாவீர்கள் என்று மிரட்டித்தான் மனிதகுலம் தடுத்து வைத்திருக்கிறது. அந்த விசையைக் கையில் வைத்திருப்பவரை வாளேந்தி என்று சொல்லலாம். முதல் வாளேந்தியான லுவோ ஜி, நிலத்துக்கடியில் ஒரு வெற்று வெள்ளைச் சுவரைப் பார்த்தபடி 54 ஆண்டுகள் உட்கார்ந்திருக்கிறான். பேச்சில்லை, துணையில்லை. அவன் கண்ணிமைத்தால் எதிரி புறப்பட்டுவிடுவான். அந்த 54 ஆண்டுகளின் நிம்மதியில்தான் உலகம் மென்மையாகிறது, செழிக்கிறது, பகைவனோடு கலைப் பரிமாற்றம் செய்துகொள்ளும் அளவுக்குத் தைரியம் பெறுகிறது. வாளைச் செங் சின்னிடம் ஒப்படைத்துவிட்டு வெளியே வரும் கிழவனுக்கு அந்த உலகம் என்ன கொடுக்கிறது என்பதை உங்கள் குழுவில் யாராவது கவனித்தீர்களா? ஓர் உலகத்தையே கொன்ற சந்தேகத்தின் பேரில் வழக்கு! தன் மிரட்டல் வெறும் பேச்சல்ல என்று நிரூபிக்க அவன் எப்போதோ ஒரு தொலைதூர விண்மீனின் இருப்பிடத்தை அறிவித்திருந்தான், அந்த விண்மீன் அழிந்தது. அங்கே யாராவது வாழ்ந்திருந்தால் என்ன செய்வது என்பது வழக்கு.

அதே மக்கள்தான் செங் சின்னைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வாள் கையில் இருந்தாலும் வெட்ட மாட்டாள் என்பதாலேயே அவளை விரும்புகிறார்கள். எதிரியும் அதையே கணக்குப் போட்டு வைத்திருக்கிறான். விசையை அழுத்துவதற்கான வாய்ப்பு லுவோ ஜியிடம் 90 சதவீதத்தை ஒட்டி, அந்த இடத்துக்கு ஆசைப்பட்ட தாமஸ் வேட் என்கிற ஓநாயிடம் 100, செங் சின்னிடம் வெறும் 10. வாள் கைமாறியதும் எதிரி தாக்குகிறான், அவள் விசையை அழுத்தவில்லை. உங்கள் நண்பர் புத்தகத்தை மூடிய ஆஸ்திரேலியப் பகுதி அதன் விளைவு. பகைவனுக்குத் தெரிந்த கணக்கு அவளைத் தேர்ந்தெடுத்தவர்களுக்குத் தெரியாதா? தெரியும், தெரிந்துதான் செய்தார்கள். கொடூரமான ஒரு முடிவைத் தாங்களும் எடுக்காமல், எடுக்கக்கூடியவனையும் பொறுக்காமல், எடுக்க மாட்டாதவளிடம் அந்தப் பாரத்தை இறக்கிவைத்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கியவர்களைப் பற்றிய நாவல் இது என்பதுதான் என் வாசிப்பு. உங்கள் நண்பரின் கோபம் நியாயமானது. ஆனால் அந்தக் கோபத்தை அவள்மீது வைக்கும்போது நாமும் அந்தக் கூட்டத்தில் ஒருவராகிவிடுகிறோம். நாவலுக்குள்ளேயே அவளிடம் ஒருவர், மனிதகுலம் உன்னைத் தேர்ந்தெடுத்ததன் மூலம் தன் வழியைத் தேர்ந்துகொண்டது, நீ செய்தது அவர்கள் விரும்பியதைத்தான் என்ற பொருளில் சொல்லுகிறார். கோபத்தில் இருக்கும் வாசகர்கள் பெரும்பாலும் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

இரண்டாவது அழிவைப் பற்றி ஒரு சொல். வேட், ஒளிவேகக் கப்பலைக் கட்டும் முயற்சியை ஆயுத பலத்தோடு காக்கத் துணிகிறான். செங் சின் அதை நிறுத்தச் சொல்கிறாள். அந்தக் கப்பல்கள் இருந்திருந்தால் பலர் தப்பியிருப்பார்கள் என்பது பிறகு தெரியவருகிறது. வேட்தான் சரி என்று கட்சி கட்டுகிறவர்கள் மறந்துவிடும் ஒன்று உண்டு. அவளது சொல்லுக்குக் கட்டுப்படுவேன் என்று அவன் முன்பே வாக்குக் கொடுத்திருந்தான். அவளை மீறுவதற்கு அவனிடம் படையும் இருந்தது, காரணமும் இருந்தது. மீறாமல் சரணடைந்து மரண தண்டனையை ஏற்றுக்கொள்கிறான். மிருகத்தன்மையை இழந்தால் எல்லாமே போய்விடும் என்று பேசுகிறவன், மனிதத்தன்மையின் மிகப் பழைய வடிவமான வாக்குத் தவறாமையைக் காப்பாற்றிச் சாகிறான். இரக்கம் முட்டாள்தனம் என்று நிறுவ விரும்பும் ஆசிரியர் இந்தக் காட்சியை எழுதியிருக்க மாட்டார். அவர் எந்தப் பக்கமும் சாயவில்லை என்பதுதான் நம்மைத் தொந்தரவு செய்கிறது.

இத்தனை சொன்ன பிறகு ஆசிரியரின் குறையையும் சொல்லாமல் விடுவது முறையல்ல. நீண்ட அமைதி ஆண்களைப் பெண்மை கொண்டவர்களாக்கிவிட்டது, அதனால் உலகம் பலவீனமானது என்று நாவல் திரும்பத் திரும்பச் சொல்வது சோம்பேறித்தனமான சிந்தனை. செங் சின்னின் முடிவுகளைத் தாய்மை உணர்ச்சி என்ற ஒரே பெட்டியில் போட்டு மூடுவதும் அப்படியே. முதல் பாகத்தில் யே வென்ஜியே என்ற பெண்ணை, தன் தந்தை அடித்துக் கொல்லப்படுவதைப் பார்த்து மனிதகுலத்தின் மீதே தீர்ப்பெழுதும் இயற்பியலாளரை, அத்தனை ஆழத்தோடு எழுதிய அதே கை இதை எழுதியிருக்கிறது என்பதில்தான் எனக்கு வருத்தம். செங் சின்னைப் பலருக்குப் பிடிக்காமல் போனதில் இந்தக் குறைக்கும் பங்குண்டு. அவளுக்கு ஆசிரியர் போதிய உள்வாழ்க்கையைக் கொடுக்கவில்லை.

இனி இருட்டு. வேற்றுலகத்தவரைப் பற்றிய அச்சம் கதாசிரியரின் கற்பனையில் மட்டும் பிறந்ததல்ல. 1974 நவம்பரில் போர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோ தொலைநோக்கியிலிருந்து சுமார் 25,000 ஒளியாண்டு தொலைவிலுள்ள எம்13 விண்மீன் கொத்தை நோக்கி ஒரு செய்தி அனுப்பினார்கள். அதே ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மார்ட்டின் ரைல், வெளியே இருப்பவர்கள் பகைவர்களாகவோ பசித்தவர்களாகவோ இருக்கலாம் என்று கவலைப்பட்டு அதை எதிர்த்தார். லியு சிசின் அந்தக் கவலையை அதன் கடைசி எல்லை வரைக்கும் கொண்டுபோகிறார். எனக்கு அந்த வனக் கோட்பாட்டில் முழு நம்பிக்கை இல்லை. அண்டை வீட்டாரைப் பற்றிய வதந்தியை வைத்து ஊரையே கணிப்பது போன்ற ஒரு அவசரம் அதில் இருக்கிறது. ஆனால் நாவலின் இருட்டு அந்தக் கோட்பாட்டில் இல்லை, வேறோர் இடத்தில் இருக்கிறது.

'பாடகன்' என்று பெயரிடப்பட்ட வேற்றுயிரி வரும் சிறிய அத்தியாயத்தை மறுபடி படித்துப் பாருங்கள். அவன் படைத்தலைவனல்ல, தன் கப்பலில் கடைநிலைத் துப்புரவு வேலை பார்ப்பவன். பழைய பாட்டொன்றை முணுமுணுத்தபடி, வந்து குவிந்த இருப்பிடக் குறிப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்துத் தள்ளிக்கொண்டிருக்கிறான். நம் சூரியனின் முறை வருகிறது. விண்மீனைச் சுட்டால் போதுமா என்று ஒரு கணம் பார்க்கிறான். பெரிய கோள்களுக்குப் பின்னால் மறைவிடங்கள் இருப்பது கண்ணில் படுகிறது. மனிதர்கள் பல பத்தாண்டுகள் உழைத்து வியாழனுக்கும் சனிக்கும் பின்னால் கட்டிய நகரங்களின் ரகசியம் அவனுக்கு ஒரு பார்வையில் முடிந்துவிடுகிறது. எனவே வேறு கருவி வேண்டுமென்று மேலதிகாரியிடம் கேட்கிறான். அவரும் பெரிதாக விசாரிக்காமல் எடுத்துக்கொள் என்கிறார். கடன் அட்டையைவிடச் சற்றே பெரிய, காகிதத் துண்டு போன்ற வெண்ணிறச் சீட்டு ஒன்று வெளியே வீசப்படுகிறது. அதைத் தொடும் வெளியெல்லாம் மூன்று பரிமாணத்திலிருந்து இரண்டு பரிமாணத்துக்குச் சரிந்து, சூரியக் குடும்பமே ஒரு படமாகத் தட்டையாகிவிடும். லியு சிசின் ஷான்ஸி மாகாணத்தில் நியாங்ஸிகுவான் அனல் மின்நிலையத்தில் கணினிப் பொறியாளராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர். ஷிப்டு முடியும் நேரத்தில் பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறவனின் மனநிலையை உள்ளிருந்து தெரிந்தவர்தான் இந்த அத்தியாயத்தை எழுதியிருக்க முடியும் என்று எனக்குத் தோன்றும். வெறுப்போடு நம்மை அழித்தால்கூட நாம் யாரோ ஒருவருக்கு முக்கியமானவர்கள் என்றாகும். இங்கே அதுவும் கிடையாது. உங்கள் மாணவ நண்பர் சொல்லத் தெரியாமல் திணறியது இந்தக் குளிரைப் பற்றித்தானோ என்னவோ.

நம்பிக்கைக்கு ஒரு மூலைகூட இல்லை என்கிறீர்கள். புளூட்டோவை மறந்துவிட்டீர்கள். சூரியக் குடும்பம் தட்டையாகிக்கொண்டிருக்கும்போது, பூமியின் கடல்கள் இரண்டு பரிமாணத்தில் மாபெரும் பனிச்செதில்களாக விரிவதை அங்கிருந்துதான் பார்க்கிறார்கள். அங்கே மனித நாகரிகத்தின் நினைவுச்சின்னமாக ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. பத்துக் கோடி ஆண்டு, அதற்கும் மேலே என்று நீண்ட காலத்துக்குத் தகவலைப் பாதுகாப்பது எப்படி என்று அறிவியலாளர்கள் ஆராய்ந்து, ஒவ்வொரு கருவியாகத் தள்ளுபடி செய்து, கடைசியில் கண்டுபிடித்த ஒரே வழி, கல்லில் எழுத்தை வெட்டுவது. அதற்குக் காவலாக உட்கார்ந்திருப்பவன் இருநூறு வயதை நெருங்கிவிட்ட லுவோ ஜி. தமிழில் இதைப் படித்தால் தானாகவே ஒரு பொருள் கூடிவிடுகிறது. செய்ந்நன்றிக்குக் கல்மேல் எழுத்தையும் நன்றிகெட்டவர்க்குச் செய்த உதவிக்கு நீர்மேல் எழுத்தையும் உவமையாகச் சொல்லிப் பழகியவர்கள் நாம். யாருக்காக 54 ஆண்டுகள் சுவரைப் பார்த்தானோ அவர்களிடம் அவன் செய்தது நீர்மேல் எழுத்தாகப் போயிற்று. அவர்களுடைய எழுத்தைக் கல்மேல் வெட்டிவைத்துக் காத்துக்கொண்டிருக்கிறான். அதுவும் கசப்பில்லாமல், வந்தவர்களிடம் வேடிக்கை பேசிக்கொண்டு. கல்லும் தட்டையாகப் போகிறது என்று அவனுக்குத் தெரியும். இதை நம்பிக்கை என்று சொல்வதா என்று எனக்குத் தயக்கம்தான். ஆனால் இதை இருட்டு என்று சொல்ல நான் ஒப்ப மாட்டேன்.

ஆஸ்திரேலியாவோடு நிறுத்திய நண்பரை வற்புறுத்த வேண்டாம். விருப்பமிருந்தால் அந்தப் பகுதியை விட்டுவிட்டு, யுன் தியான்மிங் சொல்லும் மூன்று தேவதைக் கதைகளை மட்டும் அவருக்குப் படிக்கக் கொடுங்கள். எதிரியின் காவலில் இருப்பவன், தான் ஒருதலையாக நேசித்த செங் சின்னைச் சில மணி நேரம் திரையில் சந்திக்கும்போது, ஒட்டுக்கேட்பவர்களுக்குப் புரியாதபடி பிள்ளைக் கதைகளுக்குள் எச்சரிக்கைகளை ஒளித்து அனுப்புகிறான். எட்ட இருந்தாலும் கிட்ட இருந்தாலும் ஒரே உயரமாகத் தெரியும் இளவரசன் ஒருவன் அதில் வருகிறான். யாரை வரைந்தாலும் அவர்கள் உலகத்திலிருந்து மறைந்து ஓவியத்துக்குள் போய்விடும்படியான ஓவியன் ஒருவன் வருகிறான். உலகத்து அறிஞர்களெல்லாம் கூடி உட்கார்ந்து அந்தக் கதைகளைப் பிரித்துப் பார்க்கிறார்கள். இளவரசனைப் பற்றி ஓரளவுக்குப் புரிந்துகொள்கிறார்கள். ஓவியன் எதைக் குறிக்கிறான் என்று அந்த வெண்சீட்டு வந்து சேரும்வரை ஒருவருக்கும் விளங்குவதில்லை. உங்கள் நண்பர் அந்தக் கதைகளைத் தன் பிள்ளைகளுக்குச் சொல்லிப் பார்க்கட்டும். ஓவியனை அவர்கள் என்னவென்று சொல்கிறார்கள் என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்.