ஆபரேஷன்ஸ் (உற்பத்தி, பணிகளின் நிர்வாகம்), சப்ளை செயின் (சரக்கு ஆலையிலிருந்து வாடிக்கையாளர் வரை போய்ச் சேரும் சங்கிலி) படிப்பில் கணக்கு நிறைய வருமா?

வரும், ஆனால் பயப்படும் அளவுக்கு இல்லை. பிளஸ் டூ கணக்கும் கொஞ்சம் புள்ளியியலும் போதும். ஒரு தடவைக்கு எவ்வளவு சரக்கு வாங்கலாம் என்பதற்கு ஃபோர்டு ஹாரிஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1913-இல் தந்த சூத்திரத்தையே பாருங்கள். ஆண்டுக்கு 1,200 பெட்டி தேவை, ஒவ்வொரு ஆர்டருக்கும் 100 ரூபாய் செலவு, ஒரு பெட்டியை ஓராண்டு வைத்திருக்க 6 ரூபாய் என்றால், 200 பெட்டியாக வாங்குவதுதான் சிக்கனம். 2 × 1,200 × 100-ஐ 6-ஆல் வகுத்தால் 40,000, அதன் வர்க்கமூலம் 200. வர்க்கமூலம் போடத் தெரிந்தால் முடிந்தது.

சிரமம் வேறு இடத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் உருவான ‘பீர் கேம்’ என்ற வகுப்பு விளையாட்டில் சில்லறைக் கடை, மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், ஆலை என நான்கு பேர். ஒருவரோடு ஒருவர் பேசக் கூடாது. சரக்கும் தாமதமாகத்தான் வரும். வாரம் 4 பெட்டி கேட்ட வாடிக்கையாளர் 5-ஆம் வாரம் முதல் 8 கேட்கிறார், அதன்பின் மாற்றமே இல்லை. ஆனாலும் பதற்றத்தில் ஆளாளுக்குக் கூட்டிக் கூட்டி ஆர்டர் போட, ஆலைக்குப் போய்ச் சேரும்போது அது பல மடங்காகிவிடும். அப்புறம் கிடங்கெல்லாம் தேக்கம். இந்தப் படிப்பில் எனக்கு மிகப் பிடித்த பாடம் இதுதான்.

சேருமுன் இப்படிப்பட்ட வகுப்புகளும் ஆலைப் பயிற்சியும் உண்டா என்று கல்லூரியில் கேட்டுவிடுங்கள்.